என் கணினியில் மட்டும் கேட்ட ஒலி

முதல் அறிகுறியை நான் நோய் என்று நினைக்கவில்லை. கேமில் உள்ள பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டேன்.

கார்ப் பந்தய வீடியோ கேம் வடிவமைப்பது என் தொழில். விடுமுறை நாட்களில் நிஜப் பந்தயத்திலும் ஓட்டுவேன். தஞ்சாவூரில் நானும் எழிலனும் சேர்ந்து கம்பெனி தொடங்கினோம். இருவருக்கும் நீடாமங்கலம் பக்கம் ஒரே ஊர். குத்தகை நிலத்திலிருந்து நிலக்காரர் வெளியேற்றப் பார்த்தபோது எங்கள் இருவரின் அப்பாக்களும் ஒன்றாக நின்று வழக்காடியவர்கள். அந்த வீட்டுப் பிள்ளையைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

திரையின் ஓரத்தில் இருந்த பக்கக் கண்ணாடிகள் கண்ணில் படவில்லை என்று அவற்றைக் கொஞ்சம் நடுவுக்கு நகர்த்தினேன். சில வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். கண்ணாடி சாலையை மறைக்கிறது என்று கேமைச் சோதித்தவர்கள் புகார் எழுதினார்களாம். புகார்கள் எழிலனிடம்தான் போகும். என்னிடம் ஒன்றும் வரவில்லை.

பிறகு அவன் ஓர் ஒலியைச் சேர்த்தான். பக்கத்தில் வேறொரு கார் வந்தால் 'டிக்' என்று கேட்கும். நல்ல யோசனை என்று தட்டிக்கொடுத்தேன். முட்டாள்தனம்.

நிஜத் தடத்தில் அந்த ஒலி கிடையாது. கேம் வெளியாவதற்குச் சில நாள் முன்பு ஒரு பந்தயம். வளைவில் என் வலப்பக்கம் வந்துவிட்ட காரை நான் பார்க்கவே இல்லை, அதன்மேல் இடித்தேன். அதை ஓட்டிய பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது.

தடத்திலிருந்த மருத்துவர் தன் விரலைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்தார். மூக்கருகே வரும்வரை எனக்கு அது தெரியவில்லை. அடுத்து பார்வைப்புலச் சோதனை (நேரே பார்த்தபடி, ஓரத்தில் தோன்றும் ஒளிப்புள்ளிக்குப் பொத்தானை அழுத்துவது), ஸ்கேன். பிட்யூட்டரி கட்டி (மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியில் வளர்ந்து பார்வை நரம்பை அழுத்துவது) என்றார்கள். புற்றுநோய் அல்ல.

"ரெண்டு ஓரமும் போயிருக்கு. உங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டார் மருத்துவர்.

தெரியவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். ஓரம் இருட்டாவதில்லை. அங்கே ஒன்று இருந்தது என்பதே மறந்துபோகிறது.

மூக்கு வழியாக அறுவை செய்தார்கள். ஓய்வில் இருந்தபோது, அதற்குள் வெளியாகியிருந்த எங்கள் கேமை வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடிகள் பழையபடி ஓரத்தில் இருந்தன. 'டிக்' இல்லை. ஆபீசுக்குப் போய் என் கணினியைத் திறந்து பார்த்தேன். அந்த ஒலியை எழிலன் அதில் மட்டும் போட்டிருக்கிறான்.

கேட்டேன்.

"பக்கத்துல கார் வந்தா நீ பாக்கலன்னு தெரிஞ்சுதுடா. ரேஸ் ஓட்டுற உன் படத்த வச்சுத்தான் விளம்பரமே. ரிலீஸ் ஆனதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"அதுவரைக்கும் என்னை ஓட்டவிட்டியே?"

கட்டிமேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு என்னைத் தெரியாது. இவனுக்குத் தெரியும்.

வலது ஓரம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடதில் பாதிதான். இனி பந்தயம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நொடியை ஆயிரமாகப் பிரித்து வாழ்ந்தவன் நான். இப்போது தெருவைக் கடக்கும் முன் கழுத்தை இருபுறமும் முழுதாகத் திருப்பி முடிக்க எவ்வளவு நேரமாகிறதோ, அதுதான் என் கணக்கு.

மாலையில் அப்பாவுடன் வாய்க்கால் கரையில் நடக்கிறேன். அவர் என் இடப்பக்கம் வருவார்.

"டிராக்டர் வருதுப்பா, ஒதுங்கு" என்பார்.

நானே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒதுங்குகிறேன். அது அவருக்கும் தெரியும்.