கை படாத இரண்டாம் அத்தியாயம்

தாக் குக்ஹீ அந்தத் திங்கட்கிழமை காலை தன் ஆய்வேட்டின் மூன்று ஸ்பைரல் பிரதிகளை என் பைண்டிங் கடை மேஜையில் போட்டபோது அவளுக்கு மிச்சமிருந்தது நான்கே நாள். வியாழன் மதியம் இரண்டு மணிக்கு இறுதித் தேர்வு. மூன்று பேராசிரியர்களின் சிவப்பு முத்திரையும் ஒரே தாளில் விழ வேண்டும். விழாவிட்டால், முதுகலைக்குக் கொடுத்திருந்த ஐந்து வருடக் கெடு அந்த ஜூனோடு முடிகிறது. பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

ஐம்பத்திரண்டு வயதுக்காரி. ஆஸ்பத்திரி ஏழாவது மாடியில் நோயாளிகளோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வாரத்தில் ஆறு நாள், நோயாளியின் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துப் போடும் பலகைக் கட்டிலில்தான் தூக்கம். நாற்பது வயதுக்கு மேல் பள்ளித் தேர்வைத் தனியாக எழுதி, தபாலில் ஒரு பட்டம் வாங்கி, பிறகு ஜின்ஜு நகரத்தில், என் கடைக்கு எதிரே பின்வாசல் இருக்கும் பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். தன்னைப் போன்ற பெண்களைப் பற்றியே ஆய்வேடு எழுதினாள்.

நான் ஆய்வேடு படிக்கிறவன் இல்லை. நடுநிலைப் பள்ளியில் பாதியில் நின்றவன். இருபத்திரண்டு வருடமாக பைண்டிங் போடுகிறேன். எந்தப் பக்கத்தை எத்தனை கை புரட்டியிருக்கிறது என்று ஓரத்தைப் பார்த்தே சொல்வேன்.

"எல்லாத்தையும் பிரிச்சுடுங்கண்ணே. புதுசா அடிக்கணும்."

"எத்தனை பக்கம் மாறுது?"

"அதான் தெரியலை. தியரி ஒரு வீட்ல குடியிருக்கு, வார்டு ஒரு வீட்ல குடியிருக்குன்னு என் கைடு ஹாம் சார் முன்தேர்வுலயே சொல்லிட்டாரு. ரெண்டையும் சேத்து வைக்கணுமாம்."

"கல்யாணமா பண்ணி வைக்கப்போற?"

அவள் சிரிக்கவில்லை.

கம்பியை உருவினேன். நான்காம் அத்தியாயம் அழுக்கேறிக் கிடந்தது. பென்சில் கீறல், கிம்ச்சிக் கறை, மடித்த மூலைகள். இரண்டாம் அத்தியாயம், பதினொன்று முதல் முப்பத்தெட்டு வரை, பிரஸ்ஸிலிருந்து வந்த மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. மூன்று பிரதியிலும் அப்படியே. பேராசிரியர் பேனாவும் படவில்லை, இவள் விரலும் படவில்லை.

"இந்த இருபத்தெட்டு பக்கத்தை எதுக்குத் திரும்ப அடிக்கிற? நீயே தொட்டுப் பாக்கலையே."

"அது தியரி அத்தியாயம்ண்ணே. அது இல்லாம ஆய்வேடே கிடையாது."

"இருக்கட்டும். ஆனா யாருக்கு?"

"வாயில நல்லா வருது எனக்கு. பைண்டிங் வேலையப் பாருங்க."

ஹாம் சாரின் மாணவர்கள் பதினோரு பேருக்கு நான் பைண்டிங் போட்டிருக்கிறேன். பதினோரு பேருக்கும் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரே கருத்துதான்: உணர்வு உழைப்பு. சீனியர் எழுதியதை ஜூனியர் வாங்கி, நாலு வரி மாற்றி, மரியாதையோடு முன்னால் வைத்துக்கொள்வது வழக்கம். குக்ஹீக்கு அதைக் கொடுத்தவள் சோன் ஏரின், இருபத்தொன்பது வயது. அவளை இவள் 'சீனியர்' என்று குனிந்து கும்பிடுவாள்.

கோபத்தில் குக்ஹீ பேப்பர் பெட்டி மேல் உட்கார்ந்தாள். அந்த வெள்ளைப் பக்கங்களை வாங்கி, எனக்கு நிரூபிக்கிற மாதிரி உரக்கப் படித்தாள்.

"கூலிக்காக மனசுல இருக்கிறதை மறைச்சு, இல்லாததை முகத்துல காட்டுறதுதான் உணர்வு உழைப்பு. புரியுதா? இப்போ நாலாம் அத்தியாயத்துல, ஐம்பத்து மூணாம் பக்கத்துல பி-ன்னு ஒரு அம்மா வர்றாங்க. அவங்க பாத்துக்கிட்ட கிழவர் சாயங்காலம் நாலு மணிக்குப் போயிட்டாரு. ஏஜென்சிக்காரன் போன்லயே நேரத்தைக் குறிச்சுக்கிட்டான், அந்த நிமிஷத்தோட கூலி கட். அதுக்கப்புறமும் ஒண்ணரை மணி நேரம் உடம்பைத் துடைச்சு, துணிமணியக் கட்டி, மக பக்கத்துல நின்னாங்க. அழலை. உதட்டக் கடிச்சு ரத்தம். ஏம்மான்னு கேட்டேன். 'அவ அப்பன் செத்திருக்கான், நான் முந்திக்கிட்டு அழுதா அவ அழுகைக்கு என்ன மரியாதை'ன்னாங்க. இவ்வாறு இவரும் உணர்வு உழைப்பில்..."

நிறுத்தினாள். வெள்ளைப் பக்கத்தையும் அழுக்குப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கூலிதான் நாலு மணிக்கே நின்னுடுச்சே" என்றாள், என்னிடம் இல்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் அந்த முகத்தில் இல்லை. பயம்தான் இருந்தது.

"அண்ணே, இந்தத் தியரி நாலு மணி வரைக்கும்தான் வருது. அதுக்கு மேல வரலை. அப்படி எழுதினா ஹாம் சார்கிட்டயே போயி உங்க சரக்கு பத்தலைன்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

"அப்ப எழுதாத."

"எழுதலைன்னா அந்தம்மா அழாம நின்னது பொய்யாயிடும்."

இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து திருத்தி எனக்கும் ஏரினுக்கும் அனுப்பினாள். இருபத்தெட்டு பக்கம் பத்தானது. நான்காம் அத்தியாயத்தில் பெண்கள் ஒவ்வொருத்தராய் வரும்போது, தியரி இங்கே பொருந்துகிறதா, எதுவரை பொருந்துகிறது என்று கேட்டுக்கொண்டே போனாள். புதன் மதியம் பிழை பார்க்கக் கடைக்கு வந்தவளைத் தேடிக்கொண்டு ஏரினும் வந்துவிட்டாள்.

"குக்ஹீம்மா, இதுல எனக்கும் சேத்து ஒரு குத்து விழுது, தெரியுதா?"

"உங்களைச் சொல்லலைங்க சீனியர்."

"கடைசில ஒரு வரி சேத்துடுங்க. 'இதுவும் உணர்வு உழைப்பே.' முத்திரைய வாங்கிட்டுப் போய்க்கிட்டே இருங்க. அஞ்சு வருஷம் பலகைல படுத்துப் படிச்சது இதுக்காகவா?"

"சரிங்க சீனியர்."

ஏரின் போனதும் என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பக்கத்த மட்டும் ரெண்டு விதமா அடிச்சு வைங்கண்ணே. எதை வைக்கணும்னு நாளைக்குச் சொல்றேன்."

வியாழன் பதினொன்றரை வரை போன் வரவில்லை. நான் அந்தப் பக்கத்தின் இரண்டு கட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு சிகரெட்டாக ஊதித் தள்ளினேன். கடைசியில் வார்டிலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல்.

"நாலு மணிக்கு நிக்குற பக்கத்தையே வைங்க."

அவசர அவசரமாகக் கம்பி கோர்த்தேன். அந்த அவசரத்தில்தான் தப்பு செய்தேன்.

இரண்டேகாலுக்குத் துறையிலிருந்து போன். பிரதிகளில் நாற்பத்தேழாம் பக்கம் ஒத்துப்போகவில்லையாம். சரியான தாளை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஓடினேன். ஹாம் சாரின் பிரதியில் மட்டும் ஏரின் சொன்ன வரி உட்கார்ந்திருந்தது. இதுவும் உணர்வு உழைப்பே.

"என் தப்புங்க சார். பக்கம் மாறிப்போச்சு" என்றேன்.

ஹாம் சார் என்னைப் பார்க்கவே இல்லை. நான் நீட்டிய தாளை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல எதும்மா உங்க வாதம்?"

மேஜையில் முத்திரைத் தாள் வெறுமையாகக் கிடந்தது. நான் கொடுத்ததைக் காட்டி, கடைக்காரன் கொண்டு வந்ததுதான் தப்பான பக்கம் என்று சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும். ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள்.

"அவர் இப்ப கொண்டு வந்ததுதான் சார்."

"அப்ப இந்தக் கருத்து தப்புங்கறீங்களா?"

"தப்பில்லைங்க சார். கூலி இருக்கிற வரைக்கும் நல்லா வேலை செய்யுது. அது இல்லைன்னா கூலி நின்ன இடமே என் கண்ணுல பட்டிருக்காது. ஆனா அந்தம்மா அதுக்கப்புறமும் நின்னாங்க. அங்க இதைப் போட்டு மூடினா, அவங்க நின்னது தெரியாமப் போயிடும்."

"ஒரு ஆள வச்சு ஒரு தியரிய நிறுத்திட முடியுமா?"

என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

நாற்பது நிமிடம் கழித்துத் தாளோடு வந்தாள். முத்திரை இரண்டு. மூன்றாவது கட்டம் காலி.

"ஹாம் சார் பத்து நாள் குடுத்திருக்காரு. அந்தம்மா மாதிரி இன்னும் மூணு பேரையாவது கொண்டு வரணுமாம். இல்லைன்னா 'இதுவும் உணர்வு உழைப்பே'ன்னு போடணுமாம். அதுவும் முடியாதுன்னா முத்திரை கிடையாதாம்."

"கெடு?"

"அதுவும் அன்னிக்குத்தான்."

"என்னாலதான?"

"அட போங்கண்ணே. உங்க வாய் பண்ணினதுக்கு முன்னாடி உங்க கை பண்ணினது எம்மாத்திரம்."

ஐந்தாம் மாடி, ஏழாம் மாடி, பக்கத்து முதியோர் ஆஸ்பத்திரி என்று அலைந்தாள். இருவர் பேச மறுத்தார்கள். ஒருத்தி பேசிவிட்டு, மறுநாள் என் பேச்சைப் போடாதே என்று அழுதாள்; இவளும் எடுத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் வரை இருந்தது இரண்டு பேர்தான். மூன்றாவதாக அவளே நின்றாள். தன் கையில் உயிர் போன ஒருவரைப் பற்றி, தன் பெயரோடு, நான்கு பக்கம் எழுதினாள். ஆய்வில் அப்படிச் செய்யலாமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அப்படியே ஹாம் சாரிடம் கொடுத்தாள்.

கடைசி நாள், பிரதியை ஒப்படைக்க வேண்டிய நூலகம் ஆறு மணிக்கு மூடும். ஐந்து மணி வரை நான் கறுப்பு அட்டையில் அவள் பெயரைப் பொன்னெழுத்தில் அடிக்காமலே உட்கார்ந்திருந்தேன். ஐந்தே காலுக்கு மஞ்சள் வார்டுச் சட்டையோடு மூச்சிரைக்க ஓடி வந்து தாளை நீட்டினாள். மூன்றாவது முத்திரை கொஞ்சம் சாய்வாக விழுந்திருந்தது, மை காயவில்லை.

"என்ன சொன்னாரு?" மெஷினைச் சூடேற்றிக்கொண்டே கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. ரெண்டாம் அத்தியாயத்துல காபியக் கொட்டிட்டாராம். அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டாரு."

அவர் திருப்பிக் கொடுத்த பிரதியைப் புரட்டினேன். பதினொன்றாம் பக்கத்திலிருந்து இருபது வரை பென்சில் கீறல், மடித்த மூலைகள், நடுவில் வட்டமாகக் காபிக் கறை.