ஒழுங்கையில் ஒரு விருந்தாளி

நான் பிறந்தது கல்முனைக்குடியில், ஒரு பழைய ஒழுங்கையில். இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டும். யார் பின்வாங்குவது என்பதில் ஒரு சண்டையும் நடக்கும். ஆனால் அங்கே கிடைக்காதது எது? ஒரு முனையில் கடல், மறுமுனையில் பெரிய ரோட்டு. கொழும்பு பஸ்ஸின் ஹோர்ன் கேட்டபிறகு சேர்ட்டை மாட்டினாலும் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். தேயிலை முடிந்தால் உம்மா பின்மதில் இடைவெளியால் பக்கத்து வீட்டுக்குக் கையை நீட்டுவா. ஓட்டுக்கூரைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் ஒழுங்கைக்கே பசி எடுக்கும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண் வீட்டோடு போய்விட வேண்டும். உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போனது. நான் சாய்ந்தமருதில், வயலை நிரவிக் கட்டிய மனைவி வீட்டுக்குப் போனேன். நல்ல வீடு, குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் ஒரு தீப்பெட்டி வாங்கவும் மோட்டார் சைக்கிளை உதைக்க வேண்டும்.

நான் அந்த ஒழுங்கைக்கு ஏங்குகிறேன். பத்து நிமிடத் தூரத்துக்கு இப்படி ஏங்கினால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன நோன்புக்குப் பிறகு, தங்கச்சி வீட்டுக்கு எதிர்வீடு வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கே, பிள்ளைகளின் ரியூசனுக்குக் கிட்ட, அது இது என்று மனைவியிடம் நியாயம் அடுக்கினேன். ஒரு வருசம் இருந்து பார்ப்போம் என்று அரைமனதோடு சம்மதித்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு தங்கச்சியிடம் ஓடினேன்.

விருந்தாளிகளுக்கு எடுக்கும் கோப்பையில் தேத்தண்ணி தந்தாள். விசயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“பொண்டாட்டிட ஊட்ட உட்டுட்டு இஞ்ச வாடகைக்கு வந்தா, ஒங்கள அங்க துரத்திட்டாங்க எண்டுதானே, காக்கா, சனம் கதைக்கும்? எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ள இரிக்கி. நாளைக்கு மாப்பிள்ள பேசப் போனா இதத்தான் கேப்பாங்க.”

வேறொருவன் இப்படி வந்திருந்தால் நானும் அதைத்தான் கதைத்திருப்பேன். எதிர்வீட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் எழும்பினேன். தங்கச்சிக்கும் மனம் கேட்கவில்லை. எனக்குப் பிடித்த இனிப்பான வட்டிலப்பத்தை ஒரு பையில் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

“பாத்துப் போங்க காக்கா. ஊட்ட போய்ச் சேந்ததும் ஒரு போன் கோல் எடுங்க.”

பிறந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, ஓம் என்றேன்.