டுரியான் சூடு

என் பெயர் பத்துமலை. ஈப்போவிலிருந்து லூமுட் மீன்பிடித்துறைக்கு ஐஸ் லோரி ஓட்டுகிறேன். பீடோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த உடம்பு இது, கோவிட் கிட்டே வராது என்று போகிற இடமெல்லாம் அளந்துவிட்டவன். என் மனைவி குமுதாவுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் சோதித்துக்கொள்ளவே இல்லை. வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையிலிருந்து அவள்தான் நோயைக் கொண்டுவந்தாள் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். எச்சில் கலந்துவிடாமலிருக்க அவள் கோப்பையின் பிடியில் சிவப்பு ராஃபியா கயிறு கட்டினேன். அவள் குணமாகி இரண்டு மாதமாகியும் அவிழ்க்கவில்லை.

"நான் கொண்டாரலங்க" என்பாள், கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம். நான் கேட்டால்தானே.

அப்போது எங்கள் அடுக்குமாடி மண்டபத்தில் ஓர் ஆய்வு நடந்தது. எச்சிலில் இருக்கும் எதிர்ப்பான்களைப் பார்த்து, தடுப்பூசியால் வந்தவை எவை, நோய் வந்து போனதால் வந்தவை எவை என்று பிரித்துச் சொல்வார்களாம். என் பெருமையை நிரூபிக்க முதல் ஆளாகப் போனேன்.

படித்த பெண்ணிடம் போய் எச்சிலைக் கொடுப்பதா என்று கூச்சம் வேறு. பல் தேய்த்து, வாய் கொப்பளிக்கும் மருந்து ஊற்றி அலசிவிட்டுத்தான் போனேன். எச்சில் சேகரிக்க வந்திருந்த ஷாமினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், கழுவிட்டு வந்தா எப்படிலா? அரைமணி நேரம் உக்காருங்க."

அந்த அரைமணியும் என் தோட்டத்து உடம்பைப் பற்றியே பேசினேன். எச்சில் துப்பும் குழாயைக் கையில் கொடுத்தபோது வாய் வறண்டு கிடந்தது.

"பேசாம, பிடிச்ச சாப்பாட்ட நெனைங்க அங்கிள்."

டுரியான் பழத்தை நினைத்தேன். குழாய் நிறைந்தது.

மறுவாரம் ஷாமினி ஃபோன் செய்தாள். குமுதாவும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"அங்கிள், ஒங்களுக்கும் கோவிட் வந்து போயிருக்கு."

"அது ஊசி போட்டதுலா."

"இல்ல, இது நோய் வந்தாத்தான் இருக்கும். முன்னாடி தொண்ட வலி ஏதும் இருந்துச்சா?"

"டுரியான் தின்ன சூடு. வேற ஒண்ணுமில்ல."

குமுதா ஃபோன் பக்கம் குனிந்தாள்.

"எனக்குக் காய்ச்சல் வர்றதுக்கு மின்னாடிதாம்மா அது. சூடு எறங்கணும்னு டுரியான் தோல்ல உப்புத்தண்ணி ஊத்தி, வாய் வச்சுக் குடிச்சாரு. மிச்சத்த என்னைக் குடிக்கச் சொன்னாரு. நானும் குடிச்சேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாலையில் எனக்குத் தேநீர் வந்தது, கயிறு கட்டிய கோப்பையில். அவிழ்க்கப் போனேன்.

"அவுக்காதீங்க" என்றாள் குமுதா. "ரெண்டு மாசம் நான் குடிச்சேன்ல."