குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் இல்லை

அந்த விமானத்தின் படம் போன வாரம் கணினியில் அகப்பட்டது. இறக்கைகள் கழற்றப்பட்டு, ஏதோ ஓர் ஆபிரிக்க நாட்டுப் புல்வெளியில் வயிறு தரையில் படக் கிடக்கிறது. கதவடியில் ஓர் ஆடு படுத்திருக்கிறது. பழைய விமானங்களைப் பற்றித் தகவல் சேர்க்கும் யாரோ கீழே அதன் சேவை வரலாற்றைக் கொடுத்திருந்தார்கள். இங்கிலாந்தில் கட்டப்பட்டது, கொழும்புக்கு வந்தது, யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிக்கும் பறந்தது, விற்கப்பட்டது, சாமான் ஏற்றியது, கடைசியில் முன்சக்கரம் முறிந்தது. எங்கள் காலத்துக்கு நேரே, 'குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் இல்லை' என்று போட்டிருந்தது. உரும்பிராய் வீட்டில் தனியே இருந்து சிரித்தேன். நல்ல சிரிப்பு அல்ல.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் பயணிகளின் நிறையை எழுதும் எழுதுவினைஞனாக இருந்தேன். நிலையப் பொறுப்பதிகாரியை நாங்கள் பெரியவர் என்போம். அந்த விமானத்தின்மேல் வைத்த அன்பில் கால்வாசியை மனிதர்மேல் வைத்திருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். அதன் இரண்டு இயந்திரங்களும் எத்தனை மணி நேரம் ஓடின, எந்தச் சக்கரம் எப்போது மாற்றப்பட்டது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். "உது இன்னும் ஒருத்தரையும் விழுத்தேல்லை" என்பார். வெயில் கொளுத்தும் நாட்களில் சுமை கூடினால் விமானம் மேலெழச் சிரமப்படும். அதனால் பெட்டிகளோடு ஆட்களையும் தராசில் ஏற்றுவோம். நிறையை எனக்கு மட்டும் சொன்னால் போதும், அவரோ எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். பருத்த பெண்கள் கூனிக் குறுகுவதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். நானும்தான்.

ஒரு சித்திரை மாத நடுப்பகல், வடக்குக் கடற்கரை ஊரொன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒரே மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அன்று மாலையே கொழும்பிலிருந்து கப்பல் வெளிக்கிடுகிறது என்று காலையில்தான் தந்தி கிடைத்ததாம். ரயிலில் போனால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. பெட்டியை மட்டும்தான் நிறுப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, மகனுக்குப் பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மாவையும் பனங்கட்டியையும் சேலைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தராசில் ஏறியதும் முள் ஓடியது. விமானத்தின் சுமை சில இறாத்தல் கூடிப்போயிற்று.

பெரியவர் நிறையை வாசித்துவிட்டு, இறங்கு என்றார். அம்மா பதறிப்போய் அந்த இடத்திலேயே முடிச்சுகளை அவிழ்த்தார். பொட்டலங்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. மண்டபமே சிரித்தது. கடைசியில் மிஞ்சியது ஒரு மெலிந்த உடம்பு.

"எல்லாத்தையும் இஞ்சை விட்டிட்டுப் போறன் ஐயா. ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ."

நிறுத்திருந்தால் அவர் ஏறியிருப்பார். எனக்கும் அது தெரியும், பெரியவருக்கும் தெரியும். களவாகக் கொண்டுவந்தால் இதுதான் நடக்கும் என்று சொல்லி, பெயரை வெட்டச் சொன்னார். வெட்டினேன். விமானம் கண்ணுக்கு மறையும்வரை அம்மா கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பொட்டலங்களைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அந்தப் பனங்கட்டியை நாங்கள் பின்னேரத் தேநீரோடு கடித்தோம்.

பெரியவர் பல வருடம் கழித்து, உடுவிலில் நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தார். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் நோகாத சாவு வருகிறது. இப்போது பலாலியிலிருந்து மறுபடி விமானம் பறக்கிறது. கண் வைத்தியத்துக்குச் சென்னை போனபோது என் பெட்டியை மட்டும் நிறுத்துவிட்டு, மரியாதையாகப் போகச் சொன்னார்கள். எனக்குத்தான் தராசைத் தாண்டிப் போகக் கால் கூசியது.

ஏனென்றால் அந்த அம்மா மறுபடி ஒருமுறை வந்தார். அதே வருடம், மாரி காலம். மகன் காய்ச்சலில் நடுக்கடலில் செத்துப்போனான், உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள், அவனுடைய பெட்டி மட்டும் கொழும்புக்கு வந்திருக்கிறது, தாய் போய்க் கையெழுத்து வைத்து எடுக்க வேண்டும் என்று கூட வந்தவர் என் காதோடு சொன்னார். நான் போய்ப் பெரியவரிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்று பாதி இருக்கைகள் காலி. ஆட்களை நிறுக்கவே தேவையில்லை. ஆனால் அந்த அம்மா, யாரும் சொல்லாமலே, செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார். இரண்டு கைகளையும் அகல விரித்து இடுப்பைக் காட்டினார்.

"ஒண்டும் கட்டிக்கொண்டு வரேல்லை ஐயா. இந்தமுறை என்னை ஏத்துங்கோ."

பெரியவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். வழக்கம்போல எல்லோருக்கும் கேட்க வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன்.