அக்காவின் வயிறும் எட்டு வளையங்களும்

என் அத்தான் நகுமோ கியோதகாவைப் பற்றி எங்கள் ஜப்பானிய மலையூர் நுமாத்தாவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அவர் காரில் ஏறாதவர்கள் சொல்லும் பேச்சு அது. கொன்யாக்கு தொழிற்சாலையில் கிழங்கு மாவைக் கிளறி, தளதளவென்று ஆடும் கட்டிகளாக வெட்டுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் கார். கல்யாணத்துக்குப் பத்து வருடம் முன்பே வாங்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். அதில் பின் சீட் என்று ஒன்று உண்டு, பூனை உட்காரலாம். மச்சான் என்ற பாவத்துக்கு நான் உட்காருவேன்.

என் அக்கா மிச்சியோவுக்கு அந்தக் காரில் ஏறினால் வயிற்றைப் புரட்டும். முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை மடித்து வைத்திருப்பாள். மலைப்பாதையில் மூன்றாவது வளைவுக்குள் அந்தப் பை வெளியே வந்துவிடும். அத்தானோ அதைத் தன் ஓட்டும் திறமைக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொள்வார்.

"மெதுவாத்தானேடி ஓட்டறேன்!"

"மெதுவோ வேகமோ, முன்பக்கம் திரும்பி முடிச்சப்புறம் பின்பக்கம் தனியா ஒரு ஆட்டம் ஆடுது. நீங்க வெட்டற கொன்யாக்கு மாதிரி."

"கார் ஓட்டத் தெரியாதவ காரைப் பத்திப் பேசக் கூடாது."

இப்படியே பத்தொன்பது வருடம்.

பனி விழுவதற்கு முன், நவம்பர் முதல் ஞாயிறு, பனிச்சறுக்கு மைதானத்தின் காலியான கார் நிறுத்தத்தில் போட்டி நடக்கும். கூம்புகளை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு காராக, கூம்பைத் தட்டாமல் வளைந்து வளைந்து ஓடி, குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டும். பதினோரு வருடமாக அத்தான்தான் இரண்டாவது. முதல் இடம் பாலர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஒகானே அம்மாவுக்கு. அறுபத்திரண்டு வயது. வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டே ஓட்டுவார்!

சென்ற புத்தாண்டன்று அக்கா பொறுமை இழந்தாள். "இந்த வருஷமும் ரெண்டாவதுன்னா காரை வித்துடணும். வயித்தைப் புரட்டாத வண்டி ஒண்ணு வாங்கணும். சரியா?" உள்ளே போயிருந்த சாக்கே மது அத்தானைச் சரி என்று சொல்ல வைத்துவிட்டது. மறுநாளே அக்கா பழைய கார் வாங்குகிறவனின் அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபரில் ஒகானே அம்மா மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "நகுமோ தம்பி, உன் வண்டி முன்னாடி திரும்பினப்புறம்தான் பின்னாடி வருது. அதைக் கவனி."

அத்தான் ஓடிவந்து, ஏதோ ஞானம் கிடைத்தவர் போல அக்காவிடமே அதைச் சொன்னார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னா காதுல ஏறாது. அந்தம்மா சொன்னா வேதவாக்கு. அப்படித்தானே?"

சங்கதி இதுதான். பின் சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம் காரின் உடம்போடு நான்கு இடங்களில் ரப்பர் வைத்துப் பிணைக்கப்பட்டிருக்கிறது. ரப்பர் தளர்ந்தால் சட்டம் தன்னிஷ்டத்துக்கு ஆடும். ரப்பருக்கு மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டு அலுமினிய வளையங்களைச் செருகி இறுக்கிவிட்டால் ஆட இடமிருக்காது. விடுமுறை நாளில் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்தோம்.

"மச்சான், கம்பியால நெம்பு. இன்னும் கொஞ்சம்!"

"என் மேல விழுந்தா அக்காவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"உன் மேல விழுந்தா ரப்பருக்குப் பதிலா உன்னையே வெச்சு இறுக்கிடறேன். நெம்புடா!"

போட்டியன்று மலையேறும்போது பின் சீட்டிலிருந்த எனக்குத்தான் தெரியும் கொடுமை. இதுவரை ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த பல்சக்கரச் சத்தமெல்லாம் 'ஙொய்' என்று நேராக என் மண்டைக்குள் வந்தது. அக்கா புத்திசாலி, தோழியின் வேனில் வந்துவிட்டாள்.

கார் கத்தி மாதிரி திரும்பியது. அத்தானின் கைதான் திரும்பவில்லை. பின்பக்கம் வந்து சேரட்டும் என்று ஒரு கணம் காத்திருப்பது அந்தக் கைக்கு முப்பது வருடப் பழக்கம். இப்போதோ காத்திருக்க எதுவுமில்லை. முதல் ஓட்டத்தில் இரண்டு கூம்புகளைத் தட்டினார். இரண்டாவது ஓட்டத்தில் ஒட்டுமொத்த மைதானமும் எழுந்து நின்றது. கடைசிக் கூம்பில் அந்தக் கை மறுபடி காத்திருந்தது. ஒரு விநாடியில் பத்தில் இரண்டு பங்கு தாமதம். இரண்டாவது இடம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தான் ஒகானே அம்மாவுக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டு, அவர் நீட்டிய மிட்டாயை வாங்கிக்கொண்டார்.

தோழி முன்னமே கிளம்பிவிட்டதால் அக்கா எங்களோடுதான் மலை இறங்க வேண்டும். வழியில் மிசோ என்ற சோயா விழுதைத் தடவிச் சுட்ட யாக்கிமஞ்ஜு உருண்டைகள் நாலு குச்சி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்து அந்தப் பையையும் எடுத்து விரித்தாள். ஆயிற்று, மூன்றாவது வளைவு வரட்டும் என்று நான் கால்களை இழுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வளைவு போயிற்று. ஏழாவதும் போயிற்று. அத்தான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். காரின் இரைச்சலுக்கு நடுவே அக்கா பக்கமிருந்து அவ்வப்போது பை சரசரத்தது. பாவம், அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அடிவாரத்துச் சிக்னலில் அத்தான் தொண்டையைச் செருமினார். "அந்தக் கார் வாங்கற ஆளுக்கு நாளைக்குக் காலையில போன் பண்ணிடறேன். அட்டையைக் குடு."

"அட்டையா? கை துடைக்க வேற எதுவும் கிடைக்கல," என்றாள் அக்கா, கன்னத்தில் மிசோவோடு.

நான் எட்டிப் பார்த்தேன். பைக்குள் மொட்டையாக நாலு மூங்கில் குச்சி. அவற்றோடு மிசோ அப்பிய அந்த அட்டை. எனக்கென்று ஒரு துண்டுகூட மீதி வைக்கவில்லை, பாதகி.