உருட்டிவிட்ட பக்கம்

அக்கா பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் தேறாமல் போனாள். மறுபடி எழுதி அதிலும் போனால், காரியாபட்டி மாப்பிள்ளைக்குத் தட்டு மாற்றிவிடுவது என்று அப்பா சொல்லியிருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நின்றதற்கு வருத்தப்பட்டதாக ஞாபகம் இல்லை.

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டில் வெடிக்கு வெறும் காகிதக் குழாய் உருட்டிக் கொடுப்போம். அதற்குப் பழைய புத்தகங்கள் மூட்டையாக வரும். ஒருநாள் மூட்டைக்குள் அக்கா ஒரு தாளைக் கண்டெடுத்தாள். கேட்க ஒன்றுபோல இருக்கும் இங்கிலீஷ் வார்த்தைகள் ஜோடி ஜோடியாக அதில் இருந்தன. போன பரீட்சையில் அவளைக் கவிழ்த்தவை இவைதான். ஆனால் அர்த்தங்கள் அடுத்த தாளில்.

“அடுத்த தாள் எங்கலே?”

காய்ந்துகொண்டிருந்த குழாய்களைப் பார்த்தேன். நாலாக நறுக்கி, பசை தடவி, நான்தான் உருட்டியிருந்தேன்.

சாயங்காலம் கம்பெனிக்காரர் லோடு எடுக்க வருவார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அக்கா ஒரு குழாயைப் பிரித்தாள். நானும் பிரித்தேன். அம்மா அரிசிப் பையோடு நுழைந்தபோது பாதிக் குழாய்கள் பிரிந்து கிடந்தன. அந்தத் தாளில் மூன்று துண்டுகள் கிடைத்திருந்தன.

“என்னலே கூத்து இது?”

அக்கா பயந்துபோய்த் தாளை நீட்டினாள். “பரீட்சைக்கும்மா. அக்செப்ட், எக்செப்ட். ரெண்டும் வேற வேற.”

“எனக்கு ஒண்ணாத்தான் கேக்கு.”

“மொத வார்த்தைக்கு ஒத்துக்கிடுததுன்னு அர்த்தம். ரெண்டாவதுக்கு, அதத் தவிரன்னு அர்த்தம்.”

அம்மா சிரித்துவிட்டாள். “அப்ப காரியாபட்டி மாப்பிள்ளைக்கு எதுட்டி?”

அக்கா இரண்டாவது வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. பையை இறக்கிவிட்டு உட்கார்ந்து, மிச்சக் குழாய்களைப் பிரிக்கத் தொடங்கினாள். எழுத்தே தெரியாதவள், நாலாவது துண்டை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

கம்பெனிக்காரர் வந்து வாசலில் நின்றார். “என்னக்கா, ஆர்டர் அவசரம்னு சொன்னேன்ல?”

“இவன் தண்ணியக் கொட்டிட்டான் தம்பி. நாளைக்கு வாங்க, அம்புட்டும் தந்துருதேன்.”

“ஏலே, ஒனக்குக் கையா காலா?” என்று தெரு கேட்க என்னை ஏசினார்.

நான் கொட்டவே இல்லை. ஆனாலும் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா தேறியதும், காரியாபட்டிக்கு அம்மாவே ஆள் அனுப்பி வேண்டாமென்றதும் பிறகு நடந்தவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் கொட்டாத தண்ணீர் ஒன்றுதான். கம்பெனிக்காரர் போனதும் அம்மா என் தலைமேல் கையை வைத்தாள். அடுத்து அடிதான் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன்.