சத்தம் மட்டும் மிஞ்சிய மாமா

சுனாமி கழிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு அப்போது உங்கள் வயதுதான் இருக்கும், பிள்ளைகளே. மீன்பிடிக்கப் போன என் மாமாவுக்கு வள்ளத்தில் வைத்தே வாதம் வந்துவிட்டது. நாகர்கோவில் ஆசுபத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை விழுந்திருந்தது. பேச்சும் போயிருந்தது. 'ம்ர்ர்' என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம்.

டாக்டர் மாமியிடம் விளக்கித்தான் அனுப்பினார். சத்தம் எழுப்புகிற நரம்பு நன்றாக இருக்கிறது, சொற்களைக் கோக்கிற இடம்தான் மூளையில் கெட்டுவிட்டது என்றார். மாமி முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சத்தம் இருந்தால் பேச்சும் வரும்தானே? மாமா அவளை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பேர் இல்லையா என்று அதற்காகச் சண்டை பிடித்தவள், இப்போது அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

மாதா கோயில் வாசலில் நேர்ச்சைக்கு வெள்ளித் தகட்டில் கண், கை, கால் எல்லாம் விற்பார்கள். நோவு எந்த உறுப்பிலோ அதை வாங்கிப் படைப்பது எங்கள் வழக்கம்.

"தொண்ட தீந்து போச்சு மக்கா. தல இருக்கு, எடுக்கியா?" என்றார் கடைக்காரர்.

"தலைக்கு ஒரு கேடும் இல்ல. தொண்டையாக்கும் அடச்சிருக்கு" என்றாள் மாமி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொண்டையையே வாங்கிப் படைத்தாள்.

பிறகு ஒரு நாள் அப்பா கரையிலிருந்து உயிரோடு ஒரு கத்தாளை மீனைக் கொண்டுவந்து மாமாவின் கட்டிலருகே சட்டியில் போட்டார். அது 'கொர் கொர்' என்று கத்தியது. நன்றாக இருந்த காலத்தில், கடலுக்குள் துடுப்பை இறக்கி, அதன் பிடியில் காதை வைத்து, கத்தாளைக் கூட்டம் எங்கே கத்துகிறது என்று சொல்லிவிடுவார் மாமா. பின்னாளில் வாசித்தேன்: மீனுக்கும் தவளைக்கும் கோழிக்கும் நமக்கும், குரலை எழுப்புகிற நரம்பணுக்கள் தலையும் கழுத்தும் சேர்கிற அதே இடத்தில்தான் இருக்கின்றனவாம். மனிதர் தோன்றுவதற்கு எவ்வளவோ காலம் முந்தியே வந்த ஏற்பாடு. சொற்கள் வெகு பிந்தியவை.

மாமா தலையைத் திருப்பி மீனைக் கேட்டார். வாய் கோணியது. வழக்கமான 'ம்ர்ர்' இல்லை. விட்டுவிட்டு, நீளமாக ஒரு சத்தம்.

"மாமி! மாமா பேசியாச்சு!"

கையெல்லாம் செதிலோடு ஓடிவந்தாள். "என்னலே சொன்னாரு?"

"மீனுக்குப் பதில் சொன்னாரு!"

மாமி தரையில் உட்கார்ந்து அவர் முகத்தருகே குனிந்தாள். "என்ன ஒருக்க விளியும். ஏட்டின்னு விளியும், பாப்பம்."

அதே சத்தம்தான் மறுபடியும் வந்தது. மாமி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். மாதாவுக்கு நன்றி சொல்லப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

தெரு முழுக்க ஓடி, மாமா பேசிவிட்டார் என்று சொன்னேன். ஆவலாய் வந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அது அழுகை என்று, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.